பிரசவ வலியின்போது பிபி ஏறி இறங்கிய அனுபவம் உண்டா?

எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) போட்ட கொஞ்ச நேரத்தில் எனக்குக் காது அடைத்து, குமட்டிக்கொண்டு வந்தது. மல்லாந்து படுத்திருந்தேன். பிபி 84/50. மானிட்டரில் 140-ல் ஓடிய குழந்தையின் துடிப்பு 90-க்கு இறங்கி, அந்த டொக் டொக் சத்தமே இழுத்து இழுத்துக் கேட்டது. நர்ஸ் அக்கா என்னை இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, ட்ரிப்ஸை வேகமாகத் திறந்துவிட்டார். டாக்டர் ஓர் ஊசி ஏற்றியதும் துடிப்பு பழையபடி வந்தது. மகள் நன்றாக அழுதுகொண்டே பிறந்தாள். எபிடியூரல் மருந்தில் ரத்தக்குழாய்கள் விரிந்துவிட்டன, போதாததற்குக் கர்ப்பப்பையின் கனம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் தடுத்தது என்றார்கள். வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

பதில், லேபர் வார்டு நர்ஸ்:
அடிக்கடி பார்க்கிறேன். நஞ்சுக்கு (குழந்தைக்கு ஊட்டம் தரும் பிளசென்டா) போகும் ரத்தம் தாயின் பிரஷரை நம்பியே இருக்கிறது. அதனால்தான் அம்மா கிறுகிறுப்பு என்று சொல்வதற்கு முன்பே சில சமயம் குழந்தையின் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை சுருங்கி 300 முதல் 500 மில்லி ரத்தத்தை உடம்புக்குள் தள்ளும். அந்த நேரம் பிபி எடுத்தால் கூடுதலாகத்தான் காட்டும், வலி விட்டதும் எடுக்க வேண்டும். அப்போதும் 140/90-க்குக் கீழே வராவிட்டால் வலியின் மேல் பழி போடாதீர்கள் (பலர் போடுகிறார்கள்!). தலைவலி, கண் மங்கல் சேர்ந்தால் உடனே சொல்லுங்கள். 160/110 என்றால் அவசரம்.

பதில், ஓர் அக்கா:
என் தங்கைக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) சுருக்கம். அவளுக்கு எபிடியூரல் கொடுத்ததே இதயத்துக்காகத்தான், வலி அடங்கினால் துடிப்பு எகிறாதாம். முக்கவும் விடாமல் வாக்குவம் (குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) வைத்து எடுத்தார்கள். குழந்தை பிறந்து நாங்கள் அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு இரைத்தது. படுக்க முடியவில்லை, இருமினால் நுரை. பிறந்த உடனே இதயம் வெளியேற்றும் ரத்தம் வலிக்கு முன்பிருந்ததைவிட 60 முதல் 80 சதவீதம் வரை கூடுமாம். சுருங்கிய வால்வு அதற்கு வழிவிடாமல் ரத்தம் நுரையீரலில் தேங்கிவிட்டது. இதய டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் ஆக்ஸிஜனும் நீர் பிரியும் ஊசியும் கையோடு இருந்தன. ஐசியுவில் வைத்துப் பார்த்து, தேற்றி அனுப்பினார்கள்.

முதலில் எழுதியவர்:
அப்போ அடுத்த பிரசவத்துக்கு நான் எபிடியூரல் கேட்கலாமா நர்ஸ் அக்கா?

நர்ஸ்:
தாராளமாக. போன தடவை பிபி இறங்கியதை மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.