மாங்கூழ் மாதிரியில் பீக்கின் வால் நீள்கிறது: அவசர உதவி தேவை

கேட்பவர், கிருஷ்ணகிரி:
வணக்கம். மாங்கூழில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் எங்கள் ஜிசி (வாயு நிறப்பகுப்பு) கருவியில் பீக்குகள் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகடுகள்) சரியாக அமையவில்லை; பின்பக்கம் வால்போல இழுக்கின்றன. ஊசி செலுத்தும் வாயின் ரப்பர் அடைப்பான செப்டத்தை மாற்றியும் பயனில்லை. ஏற்றுமதிச் சரக்கு எங்கள் அறிக்கைக்காகக் காத்திருப்பதால், தெரிந்தவர்கள் உடனே வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் வேதியியலர்:
எல்லாப் பீக்குகளும் இழுக்கின்றனவா, சில மட்டுமா? பொருட்களைப் பிரிக்கும் குழல் எது, எந்தக் கரைப்பான், ஸ்பிளிட்டா (மாதிரியில் ஒரு பகுதி மட்டும் குழலுக்குப் போவது) ஸ்பிளிட்லெஸ்ஸா (ஏறக்குறைய முழுவதும் போவது), குழல் இருக்கும் ஓவன் எத்தனை டிகிரியில் தொடங்குகிறது என்பவற்றையும் எழுதுங்கள்.

காரிமங்கலத்தான்:
மாதிரியைக் குழலில் தள்ளிச்செல்லும் ஹீலியம் வாயுவின் விலை ஏறியபின் பலரும் நைட்ரஜனுக்கு மாறிவிட்டார்கள். நீங்களும் மாறியிருந்தால் கோளாறு அதுவாகத்தான் இருக்கும்.

மூத்த உறுப்பினர்:
நிறப்பகுப்பியலின் முதல் பாடத்தைப் படித்தவர் இந்த விவரங்களை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கமாட்டார். நைட்ரஜன் கருத்தும் தவறானது. 1956-இல் வான் டீம்டர் குழுவினர் வெளியிட்ட சமன்பாட்டின்படி, வாயுவின் வேகம் உகந்த அளவை மீறினால் பீக் அகலும். ஆனால் இரு பக்கமும் சமமாகவே அகலும், ஒரு பக்கம் மட்டும் வால் முளைக்காது.

காரிமங்கலத்தான்:
ஐயா, அகன்ற பீக்கில் சிறிய வாலும் பெரிதாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

மூத்த உறுப்பினர்:
கண்ணுக்குத் தெரிவதை விடுங்கள். உயரத்தின் 10 விழுக்காட்டில் பீக்கின் முன்பாதி அகலத்தையும் பின்பாதி அகலத்தையும் அளந்து, பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். வால் உண்டா இல்லையா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

கேட்பவர், கிருஷ்ணகிரி:
வாயு ஹீலியம்தான். குழல் 30 மீட்டர், உட்பூச்சு 5 விழுக்காடு ஃபீனைல் வகை. எத்தில் அசிடேட், 1 மைக்ரோலிட்டர், ஸ்பிளிட்லெஸ், ஓவன் தொடக்கம் 60 டிகிரி. பூச்சிக்கொல்லிகளில் டைமெத்தோயேட் மட்டுமே இழுக்கிறது. குளோர்பைரிபாஸ் நன்றாக வருகிறது. கூழ்ச்சாற்றைவிடத் தூய கரைப்பானில் உள்ள ஸ்டாண்டர்டில்தான் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலில்) வால் அதிகம்.

ஓசூர் வேதியியலர்:
கடைசி வரியில் விடை இருக்கிறது. குழல் பொருத்தியதில் கோளாறு இருந்தால் குளோர்பைரிபாஸும் கெட்டிருக்கும். எத்தில் அசிடேட்டின் கொதிநிலை 77 டிகிரி என்பதால் உங்கள் தொடக்க வெப்பநிலையும் பொருத்தமானதே. டைமெத்தோயேட்டில் உள்ள அமைடு தொகுதி, ஊசிவாயின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனரிலும் குழலின் தலைப்பகுதியிலும் வெளிப்பட்டுக் கிடக்கும் சிலனால் (சிலிக்கான்-ஹைட்ராக்சில்) இடங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல விடுபடுவதால்தான் வால் நீள்கிறது. கூழ்ச்சாற்றில் கூடவே வரும் பிற பொருட்கள் அந்த இடங்களை மூடிவிடுவதால் அங்கே பீக் ஓரளவு நிமிர்கிறது. இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: தூய கரைப்பானில் பொருள் ஒட்டிப்போய் பீக் சிறுக்கும் என்பதால், அதில் தயாரித்த ஸ்டாண்டர்டை வைத்துக் கணக்கிட்டால் மாதிரியின் எச்சம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும், நல்ல சரக்கும் தள்ளுபடியாகிவிடக்கூடும்.

லைனரைக் கழற்றி, கண்ணாடிப் பஞ்சில் பழுப்புக் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் இடங்களைச் செயலிழக்கச் செய்த புதிய லைனரைப் போட்டு, குழலின் தலையில் சுமார் 30 சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். வெட்டு செங்குத்தாக, பிசிறில்லாமல் இருப்பதை உருப்பெருக்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாலக்கோடு மாணவி:
மாங்கூழில் சர்க்கரை மிகுதி. பிஎஸ்ஏ என்ற உறிஞ்சு பொடியைக் கொண்டு சாற்றைச் சுத்திகரித்தால் லைனர் கெடுவது தள்ளிப்போகும் அல்லவா, அண்ணா?

ஓசூர் வேதியியலர்:
ஆமாம் தங்கையே, சர்க்கரையையும் கரிம அமிலங்களையும் அது பிடித்துவிடும்.

கேட்பவர், கிருஷ்ணகிரி:
லைனரில் கறை இருந்தது. மாற்றி, குழலையும் வெட்டியபின் டைமெத்தோயேட் நிமிர்ந்துவிட்டது. ஸ்டாண்டர்டைக் கூழ்ச்சாற்றிலேயே தயாரித்து மறுபடி ஓட்டுகிறோம். நன்றி.

ஓசூர் வேதியியலர்:
அதற்கு எடுக்கும் வெற்றுக் கூழில் டைமெத்தோயேட் இல்லை என்பதை முதலில் தனியாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.