கார்சியாவை விட்டுவிட்டார்கள்

குழு: ஆர்லிங்டன் அரட்டை
(முருகேசன், சுந்தர், கவிதா, கார்த்தி, நிலா, மதுரையிலிருந்து தாத்தா)

2025 நவம்பர் 21, வெள்ளி

கார்த்தி (மாலை 7:32): பெரியப்பா, நம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி விடுகிறவர்கள் பட்டியல் வந்துவிட்டது. அடோலிஸ் கார்சியா, ஜோனா ஹைம், ஜாஷ் ஸ்போர்ஸ், ஜேக்கப் வெப். நான்கு பேருக்கும் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது.

முருகேசன்: விளையாடாதே.

கார்த்தி: ரேஞ்சர்ஸ் அணியே அறிவித்துவிட்டது, பெரியப்பா.

நிலா: ஹைமுமா???

நிலா: நான் கேட்சராக நிற்க ஆரம்பித்ததே அவரைப் பார்த்துத்தான். 2023ல் ஆல் ஸ்டார் தேர்வு, சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது இரண்டும் வாங்கியவர்.

முருகேசன்: கார்சியாவையாடா விட்டார்கள்? 2023 பிளே ஆஃபில் ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டம் மறந்துபோச்சா இவர்களுக்கு? நான்கு முறை ஸ்ட்ரைக் அவுட். முந்தைய ஆட்டத்தில் அவன்மேல் பந்து பட்டுப் பெரிய தகராறு ஆகியிருந்தது, அதனால் அவன் மட்டையோடு வந்து நின்றாலே மைதானம் முழுக்கக் கூச்சல். ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது ஒரே அடி. நான்கு ரன், கிராண்ட் ஸ்லாம். அத்தனை கூட்டமும் கப்சிப்.

முருகேசன்: மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் இன்னும் இரண்டு ஹோம் ரன். அந்தத் தொடரில் மட்டும் 15 ஆர்பிஐ, அதாவது அவன் அடியால் வந்த ரன் 15. பிளே ஆஃப் தொடர் ஒன்றில் அதற்குமுன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

சுந்தர்: அப்புறம் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டம், 11வது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்த ஹோம் ரன். சொல்லுங்கள் மச்சான், நிறுத்தாதீர்கள்.

முருகேசன்: அதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமா மாப்பிள்ளை? அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் யார், ஊர் எது என்றே தெரியாது. கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

தாத்தா: காலை வணக்கம். யாருக்கு என்ன ஆயிற்று? இத்தனை மெசேஜ் வந்திருக்கிறதே. எல்லாரும் நலம்தானே?

கவிதா: ஒன்றும் இல்லை அப்பா. பேஸ்பால் டீமில் நான்கு பேரை எடுத்துவிட்டார்கள். அண்ணன் துக்கம் விசாரிக்க ஆள் தேடுகிறார்.

தாத்தா: அவ்வளவுதானே. இங்கே ஜடேஜாவையே ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் போய்க் காபி குடிக்கிறேன்.

கவிதா: கார்த்தி, எனக்கு ஒன்று புரியவில்லை. கார்சியாவிடம் "ஆட்டம் சரியில்லை, சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வைத்துக்கொள்ளலாமே. ஏன் வெளியே அனுப்பவேண்டும்?

கார்த்தி: அங்கேதான் அத்தை சிக்கல். மேஜர் லீகில் மூன்று ஆண்டு முடித்தவர் ஆறு ஆண்டு ஆகும்வரை அதே அணியிடம்தான் இருப்பார். ஆனால் சம்பளம் ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேஷன் என்று நடுவரிடம் போகலாம். அதில் முந்தைய ஆண்டுச் சம்பளத்திலிருந்து 20 சதவீதத்துக்குமேல் குறைக்க முடியாது. கார்சியா இந்த ஆண்டு வாங்கியது 92.5 லட்சம் டாலர். ஆகக் குறைத்தாலும் 74 லட்சம். அதுவும் ஏட்டில்தான், நடப்பில் ஏறத்தான் செய்யும். அவருக்கு 1.2 கோடி போகும் என்று கணித்திருந்தார்கள்.

கவிதா: அப்படியென்றால் சம்பளத்தைக் குறைக்க வழியில்லை, ஆளைத்தான் குறைக்க முடியும்.

கார்த்தி: அதேதான். கெடு நாளுக்குள் "அடுத்த ஆண்டும் வா" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதுதான் நான்-டெண்டர், அவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த அணிக்கும் போகலாம். நமக்குப் பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது.

முருகேசன்: ஒன்றும் கிடைக்காது! அதுதான் எனக்கு ஆறவில்லை. டிரேடாவது பண்ணித் தொலைத்திருக்கலாம்.

கார்த்தி: கேட்க ஆள் இருந்தால் பண்ணியிருப்பார்கள் பெரியப்பா. 1.2 கோடி கொடுத்து யார் எடுப்பார்? 2023ல் 39 ஹோம் ரன். அடுத்த ஆண்டு 25. இந்த ஆண்டு 19. பேட்டிங் ஆவரேஜ் .227, பேஸை எட்டும் விகிதமான ஓபிபி .271, இரண்டுமே குறைவு. பந்து பிளேட்டைத் தாண்டி வெளியே வளைந்து போகும்போதும் மட்டையை வீசிவிடுகிறார். எதிரணிப் பிட்சர்கள் எல்லாருக்கும் தெரிந்துபோச்சு, அவருக்கு ஸ்ட்ரைக் போடவே வேண்டியதில்லை. மார்ச் வந்தால் வயது 33.

முருகேசன்: எண்ணைப் படித்துக்கொண்டே இரு. ரைட் ஃபீல்டிலிருந்து அவன் எறிகிற எறிக்கு எந்த எண் போடுவாய்?

கார்த்தி: அதற்கும் எண் இருக்கிறது பெரியப்பா.

முருகேசன்: போடா.

சுந்தர்: மச்சான், கோபப்படாமல் கேளுங்கள். இவரை நாம் வாங்கிய விலை ஞாபகம் இருக்கிறதா? 2019 டிசம்பரில் கார்டினல்ஸ் அணி கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மிடம் தள்ளிவிட்டது. ஆளுக்கு ஆள்கூட இல்லை. 2021 பிப்ரவரியில் நாமும் அவரை 40 பேர் ரோஸ்டரிலிருந்து எடுத்து வெய்வரில் போட்டோம். மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் ஓசியில் எடுத்திருக்கலாம். ஒருவரும் கைதூக்கவில்லை. அந்த ஆண்டே 31 ஹோம் ரன் அடித்து ஆல் ஸ்டார் ஆனார்.

கவிதா: கியூபாக்காரர்தானே?

சுந்தர்: ஆமாம். 2016ல் கியூபா அரசு அவரை ஜப்பானில் யோமியூரி ஜயன்ட்ஸுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் பிரான்ஸில் இறங்கியவர் ஊருக்குப் போகவே இல்லை. அப்படி வந்தவரை நாம் மலிவில் பிடித்தோம், ஐந்து ஆண்டு நன்றாக ஆடினார், ஒரு கோப்பையும் வந்தது. விலை ஏறியது, ஆட்டம் இறங்கியது. எந்தக் கணக்கில் உள்ளே வந்தாரோ அதே கணக்கில்தான் வெளியே போகிறார்.

முருகேசன்: நீங்களும் அவனோடு சேர்ந்துகொண்டீர்களா மாப்பிள்ளை.

சுந்தர்: இல்லை, எனக்கு வருத்தமெல்லாம் வெப்மேல்தான்.

நிலா: யாரும் வெப்புக்காக வருத்தப்பட மாட்டார்கள் மாமா 😄

சுந்தர்: அதுதான் தப்பு. போன குளிர்காலத்தில் நம் அணியைக் கட்டுகிற கிறிஸ் யங் புல்பென்னை, அதாவது நடுவில் வந்து பந்து போடும் ரிலீவர் கூட்டத்தை, எப்படிக் கட்டினார் என்று பார். வெப்புக்கு 12.5 லட்சம். ஷான் ஆம்ஸ்ட்ராங்குக்கும் அதே அளவு. ஹோபி மில்னருக்கு 25 லட்சம். மற்ற ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத பெயர்கள். கடைசியில் மேஜர் லீக் முழுவதிலும் குறைந்த ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர்கள் விடும் ரன், நம் அணிக்கு. பேட்டிங் சொதப்பியதால்தான் 81 வெற்றி, 81 தோல்வி என்று நின்றோம். அந்த விலைக்கு ஏழாவது இன்னிங்ஸைப் பார்த்துக்கொண்ட ஆளை ஏன் விடவேண்டும்? கார்சியாவை விட்டதற்குக் காரணம் சொல்லலாம். இதற்கு எனக்குக் காரணமே தெரியவில்லை.

கார்த்தி: மாமா, ரிலீவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். அதே ஆளுக்கு இரண்டாம் ஆண்டு கூடுதலாகக் கொடுப்பதைவிட, அதே விலைக்குப் புது ஆளைத் தேடலாம் என்று நினைத்திருப்பார்கள்.

சுந்தர்: தேடட்டும். கிடைக்கும் என்று யார் எழுதிக்கொடுத்தது? போன ஆண்டு டொரொன்டோ விட்ட ஜோர்டன் ரோமானோவை 85 லட்சத்துக்கு ஃபிலடெல்ஃபியா எடுத்தது. ஈஆர்ஏ எட்டுக்குமேல் போனது.

கார்த்தி: அதே குளிர்காலத்தில் பிரேவ்ஸ் விட்ட ரமோன் லாரியானோவை ஓரியோல்ஸ் 40 லட்சத்துக்கு எடுத்தது. 24 ஹோம் ரன் அடித்தார். நடுவிலேயே பாட்ரேஸ் கேட்டு வாங்கிக்கொண்டது. நமக்கு இப்போது வேண்டியது அந்த மாதிரி ஒருவர். கார்சியாவின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்து அப்படி இரண்டு பேரை எடுக்கலாம்.

முருகேசன்: லாரியானோ மாதிரி ஒருவர் என்று சொல்வது லேசு. ஷ்வார்பரைக் கப்ஸ் 2020ல் இப்படித்தான் விட்டது. இந்த ஆண்டு அவர் 56 ஹோம் ரன். டேவிட் ஓர்டிஸை 2002ல் மின்னசோட்டா சும்மா அனுப்பியது, பாஸ்டன் 12.5 லட்சத்துக்குப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அவர் ஹால் ஆஃப் ஃபேமில். விட்டவன் கதையையும் சொல்லு.

கார்த்தி: ஓர்டிஸுக்கு அப்போது 27 வயது, ஷ்வார்பருக்கும் அதேதான் பெரியப்பா. 33 இல்லை.

(முருகேசன் பதில் போடவில்லை.)

நிலா: யாரும் கவனித்தீர்களா? 2023 வேர்ல்டு சீரிஸின் கடைசிப் பந்தைப் போட்டது ஸ்போர்ஸ். பிடித்தது ஹைம். அரிசோனாவின் கெடெல் மார்டே பார்த்துக்கொண்டே நின்றார், மூன்றாவது ஸ்ட்ரைக். அந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் எடுத்திருக்கிறார்கள்.

முருகேசன்: அடப்பாவிகளா.

சுந்தர்: ஸ்போர்ஸ் பாவம், தோள் சரியாகாமல் 2025ல் மேஜர் லீகில் ஒரு பந்துகூடப் போடவில்லை. அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிடலாம். செலவும் இல்லை.

கவிதா: சரி, வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழியா, மட்டன் பிரியாணியா? அதற்கு யாராவது முடிவு சொல்லுங்கள்.

நிலா: பிரியாணி.

கார்த்தி: பிரியாணி.

சுந்தர்: வான்கோழிக்கு நான்-டெண்டர்.

நவம்பர் 23, ஞாயிறு

கார்த்தி (இரவு 8:05): பெரியப்பா, உட்கார்ந்திருக்கிறீர்களா?

முருகேசன்: இப்போது யார்?

கார்த்தி: நம் செகண்ட் பேஸ்மேன் மார்கஸ் செமியன். நியூயார்க் மெட்ஸுக்கு. பதிலுக்கு பிராண்டன் நிம்மோ வருகிறார், கூடவே 50 லட்சம் டாலரும்.

முருகேசன்: 2023 வேர்ல்டு சீரிஸ் கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தவன் அவன். அரிசோனாவின் கதையை முடித்த அடி. வெள்ளிக்கிழமை பந்து போட்டவன், பிடித்தவன். இன்று அடித்தவன். இனி அந்த அணியில் கோரி சீகர் ஒருவர்தான் பாக்கி, அவரையும் கூரியரில் அனுப்பிவிடச் சொல்.

சுந்தர்: இது வேறு வகை மச்சான். வெட்டு இல்லை, மாற்று. செமியனுக்கு இன்னும் மூன்று ஆண்டு, 7.2 கோடி. நிம்மோவுக்கு ஐந்து ஆண்டு, 10 கோடிக்குமேல். மொத்தத்தில் நாம்தான் கூடக் கட்டப்போகிறோம். ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் குறைவு, அணியின் சம்பளம் எல்லை தாண்டினால் கட்டும் ஆடம்பர வரிக் கணக்கில் இடம் கிடைக்கும்.

கார்த்தி: அதோடு நிம்மோ வெளியே போகிற பந்தை விட்டுவிடுவார். நமக்கு இல்லாதது அதுதான். இந்த ஆண்டு 25 ஹோம் ரன் வேறு. அவுட்ஃபீல்டில் நிம்மோ, லாங்ஃபோர்ட், கார்ட்டர். கார்சியாவின் இடம் நிரம்பிவிட்டது.

நிலா: செகண்ட் பேஸில் யார்?

கார்த்தி: ஜாஷ் ஸ்மித். யாங்கீஸிடம் ஜோயி காலோவைக் கொடுத்தபோது கூட வந்த பையன். அவரும் மலிவுதான்.

முருகேசன்: செமியன் ஒரு நாள்கூட லீவு போடாமல் ஆடியவன். 2023ல் 162 ஆட்டமும் ஆடினான். நான் அலுவலகத்துக்கே அப்படிப் போனதில்லை.

கவிதா: அண்ணே, அது எங்களுக்குத் தெரியும்.

டிசம்பர் நடுவில் ஒரு மாலை

நிலா: புது கேட்சர் வந்தாச்சு! டேனி ஜான்சன், இரண்டு ஆண்டு, 1.45 கோடி. ஹிகாஷியோகாவும் இருக்கிறார், இரண்டு பேரும் மாறி மாறி நிற்பார்கள்.

கவிதா: ஹைமுக்கு 60 லட்சம் கொடுக்க மனமில்லை, இவருக்கு ஆண்டுக்கு 70 லட்சத்துக்குமேல் கொடுக்கிறார்களா? என்னடா மலிவு இது, கார்த்தி?

கார்த்தி: ஜான்சன் பேட்டிங் நன்றாக இருக்கும் அத்தை. ஹைம் இரண்டு ஆண்டாக அடிக்கவே இல்லை.

நிலா: ஹைம் பந்தைப் பிடிக்கிற விதம் ஜான்சனுக்கு வராது. ஓரத்துப் பந்தை அப்படியே உள்ளே இழுத்து ஸ்ட்ரைக் ஆக்கிவிடுவார், அம்பயருக்கே தெரியாது. ஆனால் ஜான்சன் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடியவர், தெரியுமா? 2024 ஜூனில் டொரொன்டோவுக்காக மட்டையோடு நிற்கும்போது மழை. ஆட்டம் நின்றுபோச்சு. ஆகஸ்டில் அதைத் தொடர்ந்தபோது அவர் பாஸ்டனில் இருந்தார். தனக்குப் பதில் வந்த பேட்டருக்குத் தானே கேட்சராக உட்கார்ந்தார்.

சுந்தர்: இந்த ஒன்றுக்காகவே எடுக்கலாம்.

(மறுநாளைக்கு மறுநாள்)

முருகேசன் (மாலை 6:48): கார்த்தி. எங்கேடா இருக்கிறாய்?

முருகேசன்: கார்சியா, ஃபிலடெல்ஃபியா. ஓராண்டு. ஒரு கோடி டாலர். "யார் எடுப்பார்" என்று கேட்டாயே, இதோ எடுத்துவிட்டார்கள்.

கார்த்தி: ஒரு கோடி, 1.2 கோடி இல்லை பெரியப்பா. அதோடு ஃபில்லீஸுக்கு ரைட் ஃபீல்டில் ஆள் இல்லை. ஷ்வார்பருக்கு 15 கோடி கொடுத்த கையோடு இவரையும் எடுத்திருக்கிறார்கள். அவர்களால் முடியும்.

சுந்தர்: 20 லட்சம் வித்தியாசத்துக்கா இத்தனை சண்டை? ஒருவரை இன்னொருவர் அந்த விலைக்கு எடுக்கிறார் என்றால் டிரேடுக்கும் ஆள் இருந்திருக்கும். இதில் நான் மச்சான் பக்கம்.

முருகேசன்: பார்த்தாயா!

கார்த்தி: மாமா, வெப்பை விட்ட கோபத்தை இதில் காட்டாதீர்கள்.

கவிதா: அவருடைய முதல் ஆட்டம் எப்போது?

நிலா: அத்தை, மார்ச் 26. ஃபிலடெல்ஃபியாவில். எதிரணி யார் தெரியுமா? நாம்தான்.

முருகேசன்: நிஜமாகவா?

நிலா: அட்டவணை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது அப்பா. அந்த ஆட்டம் அப்போதே முடிவானது.

முருகேசன்: சரி. அன்றைக்கு எல்லாரும் நம் வீட்டுக்கு வாருங்கள். நான் கார்சியாவின் 53ஆம் எண் ஜெர்சிதான் போடுவேன், ரேஞ்சர்ஸ் ஜெர்சி. ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது.

கவிதா: அவர் ஹோம் ரன் அடித்தால் கைதட்டுவீர்களா அண்ணே?

முருகேசன்: பேஸில் ஆள் இல்லாவிட்டால் தட்டுவேன்.

கார்த்தி: வெளியே வளைந்து போகும் ஸ்லைடர்தான் போடுவார்கள் பெரியப்பா.

முருகேசன்: உனக்குப் பிரியாணி கிடையாது.