1899 செவானி அணி: ஆறு நாளில் ஐந்து வெற்றி, எவ்வளவு பெரிய சாதனை?

மலைரயில்:
1899 நவம்பர் 9, வியாழன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியான செவானி, ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என்று வென்றது. வெள்ளி, ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 10-0. சனி, நியூ ஆர்லியன்ஸில் துலேனை 23-0. ஞாயிறு ஆட்டமில்லை. திங்கள், பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட்டை 34-0. செவ்வாய், மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0.

ஆறு நாளில் ஐந்து வெற்றி. எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நடுவில் ரயில் பயணம் மட்டும் சுமார் 2,500 மைல். இதைச் செய்தது டென்னசி மாநிலத்தில், கம்பர்லாண்டு பீடபூமியின் மேல் எபிஸ்கோபல் திருச்சபை நடத்திய சின்னக் கல்லூரி. படித்தவர்களே சில நூறு பேர்தான்.

நம் ஊர்க் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். அந்தப் பருவம் முழுக்க செவானி 12 ஆட்டம் ஆடி 12லும் வென்றது. எடுத்தது 322 புள்ளி, கொடுத்தது 10. கல்லூரி ஆட்ட வரலாற்றில் இதைவிடப் பெரிய பருவம் எந்த அணிக்கும் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

கணக்கர்:
மறுக்கிறேன். அந்த 322ஐப் பிரித்துப் பாருங்கள். கம்பர்லாண்டு கல்லூரியுடன் 71, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிடீரியனுடன் 54, டென்னசி பல்கலைக்கழகத்துடன் 46. மூன்று ஆட்டத்திலேயே 171 வந்துவிட்டது, மொத்தத்தில் பாதிக்கு மேல். துலேன் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. டெக்சஸ், துலேன், லூசியானா ஸ்டேட், மிசிசிப்பி எல்லாமே 1893ல்தான் அணி சேர்த்து ஆடத் தொடங்கியவை. ஆறு வயதுக் குழந்தைகள் மாதிரி.

அதே ஆண்டு வடகிழக்கில் ஹார்வர்ட் 10 வென்று ஒன்றைச் சமன் செய்தது. அந்தச் சமனும் யேலுடன், 0-0. பிற்காலத்தில் பழைய முடிவுகளைப் பார்த்து 1899க்குத் தேசியப் பட்டம் தந்தவர்கள் பெரும்பாலும் ஹார்வர்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

மலைரயில்:
கணக்கர் சார், துலேன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டெக்சஸ் அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டம் வென்ற அணி. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அப்புறம், அன்றைய விதி என்ன என்று பாருங்கள். ஒருவரை வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப உள்ளே வர முடியாது. தாக்குதலும் தடுப்பும் அதே பதினொரு பேர்தான். ஃபார்வர்ட் பாஸ், அதாவது பந்தை முன்னால் எறிவது, கிடையாது, மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கும்பலாக உடம்பைக் கொடுத்து இடித்துத் தள்ளுவதுதான் ஆட்டமே. ஹார்வர்ட் பெரிய அணிதான். ஆனால் 21 பேரோடு ரயிலேறி, தண்ணீர் மாறினால் உடம்புக்கு ஆகாது என்று ஊர் ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக் கூடவே கொண்டுபோய், இறங்கிய ஊரிலெல்லாம் புதிதாகக் காத்திருந்த அணியோடு மோதியதா ஹார்வர்ட்?

நாச்சியார்:
ஐந்து ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பருவத்தின் உண்மையான சோதனை நவம்பர் 30, மாண்ட்கோமரியில் ஆபர்ன் கல்லூரியுடன் நடந்தது என்று நினைக்கிறேன். 11-10. கொடுத்த 10 புள்ளியும் அந்த ஒரே ஆட்டத்தில்தான். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த முயற்சியைத் தொடங்கிவிடும் வேகத்தை அவர் தன் பையன்களுக்குப் பழக்கியிருந்தார். நடுவர் தங்களுக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று பிறகு பர்மிங்ஹாம் பத்திரிகைக்கே எழுதினார். ஒரு புள்ளி அந்தப் பக்கம் போயிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பழைய ரக்பிக்காரன்:
நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். கல்லூரியில் நான்கு வருடம் ரக்பி ஆடியவன். இரண்டு நாள் அடுத்தடுத்து ஆடினால் மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டு இறங்க முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். தலைக்கவசம்கூடக் கட்டாயமில்லாத காலத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஆடிவிட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி இரண்டு நாள் ஆடினார்கள் என்றால் எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, வயிற்றைப் பிசைகிறது.

எதற்காக இந்தப் பயணம்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் ஆட்ட வசூலைப் பங்கு போடுவதில் தகராறு. அந்த ஆட்டம் நடக்காமல் போனதால் பணம் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்டத்தான் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம். செவானி கேப்டன் சைபல்ஸ் டெக்சஸுடன் ஆடும்போது தலை பிளந்து ரத்தம் ஒழுக ஒழுக ஆடினார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டே வருடம் முன்னால், 1897ல், அட்லாண்டாவில் வர்ஜீனியாவுடன் ஆடிய ஜார்ஜியா மாணவர் வான் கேமன் தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஜார்ஜியா சட்டமன்றம் இந்த ஆட்டத்தையே தடை செய்யச் சட்டம் இயற்றியது. மகனுக்குப் பிடித்த ஆட்டத்தை அவன் சாவைக் காட்டித் தடுக்காதீர்கள் என்று அவருடைய தாயே எழுதிக் கேட்டதால் ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாயை நினைத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. தெற்கே இருந்த எந்தக் கல்லூரிக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது.

மலைரயில்:
அண்ணா, வான் கேமன் விஷயத்தில் உங்களோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர்கள் பணத்துக்காகப் பையன்களை விரட்டினார்கள் என்ற படம் சரியில்லை. பயணத்தை ஏற்பாடு செய்த மேனேஜர் லூக் லீ அங்கேயே படித்த மாணவர், வயது 20. ஆட்டங்களைப் பேசி முடித்தது, ரயிலுக்கு ஏற்பாடு செய்தது எல்லாம் அவர்தான். துணிச்சலான ஆள். பின்னாளில் டென்னசியின் செனட்டர் ஆனார். 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த முன்னாள் ஜெர்மன் மன்னர் கெய்சரைப் பிடித்துவரச் சில வீரர்களோடு அந்த மாளிகைக்கே போனவர். அப்படிப்பட்டவர்கள் தாங்களே விரும்பிப் போட்ட திட்டம் இது.

பழைய ரக்பிக்காரன்:
தம்பி, 20 வயதில் எனக்கும் உடம்பைப் பற்றிக் கவலையே இருந்ததில்லை. அதனால்தான் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்லாமல் விட்டதன் விளைவு 1905ல் தெரிந்தது. அந்த ஒரே பருவத்தில் இந்த ஆட்டத்தில் செத்தவர்கள் 18 பேருக்குக் குறையாது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. அடுத்த வருடம்தான் ஃபார்வர்ட் பாஸ் வந்தது, ஐந்து கஜம் பத்து கஜம் ஆனது.

கணக்கர்:
ரக்பிக்காரர் சொல்வதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் கேள்வி வேறு. ஆறு நாள் பயணம் ஈடு இணையில்லாதது என்று ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து முழுப் பருவத்தையும் முதலிடத்தில் வைக்க மாட்டேன். செவானி 1932ல் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிகளின் ஆட்டக் கூட்டமைப்பு தொடங்கியபோது நிறுவன உறுப்பினர். 1940ல் வெளியேறும்வரை அதில் ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டம்கூட வெல்லவில்லை. மற்ற கல்லூரிகள் வளர்ந்ததும் இடைவெளி தெரிந்துவிட்டது.

நாச்சியார்:
அது முப்பது வருடம் கழித்து வந்த வேறு பையன்கள், கணக்கர். 1899ஐ அதை வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆபர்ன் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

மலைரயில்:
நாச்சியார் அக்கா, ஆபர்ன் ஆட்டம் முடிந்து இரண்டே நாளில், டிசம்பர் 2, அட்லாண்டாவில் வட கரோலினாவைச் சந்தித்தார்கள். 5-0. பருவத்தின் கடைசி ஆட்டம், கொடுத்தது மறுபடியும் பூஜ்யம். அடிபட்டுக் களைத்த அணி அப்படி முடித்ததால்தான் முதலிடம் என்கிறேன். ரக்பி அண்ணாவுக்கு ஒன்று: தலை பிளந்த சைபல்ஸ் 1967 வரை வாழ்ந்தார்.

பழைய ரக்பிக்காரன்:
சைபல்ஸ் வாழ்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதே அணியின் ஃபுல்பேக், அதாவது பந்தோடு இடித்து ஓடும் பின்வரிசை ஆட்டக்காரர், ஆர்மண்ட் சிம்கின்ஸ், அந்தப் பயணம் முழுக்க இடித்து முன்னேறியவர். பின்னாளில் அவருடைய இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. 1921ல் இறந்தார், நாற்பது சொச்சம் வயது. முதலிடம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கும்போது 322க்கும் 10க்கும் பக்கத்தில் அதையும் எழுதி வையுங்கள்.