பட்டச் சான்றிதழைப் பிளாக்செயினில் ஏற்ற வேண்டுமா?

வைகைக்கரை:
கத்தாரில் வேலை கிடைத்தபோது, என் பொறியியல் பட்டம் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்க இரண்டரை மாதம் ஆனது. டிடி எடுத்து அனுப்பியும் நகரவில்லை. அப்பா நான்கு முறை பஸ் ஏறிப் போனார். நான்கு முறையும் "செக்‌ஷனில் இருக்கிறது" என்றே பதில். பிளாக்செயின் என்றால் பல கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்படும், பதிந்ததை அழிக்க முடியாத மின்னணு ஏடு. அமெரிக்காவின் எம்ஐடி 2017-லேயே 111 மாணவர்களுக்குப் பிளாக்செயின் பட்டத்தைக் கைப்பேசியில் கொடுத்தது. 2021 டிசம்பரில் கான்பூர் ஐஐடியும் தொடங்கிவிட்டது. மற்ற பல்கலைக்கழகங்கள் இன்னும் எதற்குத் தள்ளிப்போட வேண்டும்?

பழைய பதிவேடு:
உங்கள் அப்பாவை அப்படி அலையவிட்டது தவறு. நான் ஒரு தேர்வுப் பிரிவில் 18 வருடமாக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குப் பெயரில்தான் சிக்கல். போன வாரம் ஒரு பெண் வந்தார். பத்தாம் வகுப்பில் 'கு. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி குமரேசன்', பட்டத்தில் இனிஷியலே இல்லை. பதிவேட்டை எடுத்து, அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் அதிகாரி சுருக்கொப்பம் போட்டார். அழிக்கவே முடியாத ஏட்டில் இப்படிப் பிழை ஏறினால் அந்தப் பெண் எங்கே போவார்?

கணினி ஆசிரியர்:
ஐயா, சான்றிதழ் அப்படியே அதில் ஏறுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட 'ஹாஷ்' என்ற அடையாளக் குறி மட்டும் ஏறும். சான்றிதழில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் குறி ஒத்துப்போகாது; போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிழை இருந்தால் பழையதை ரத்து என்று குறித்துவிட்டுப் புதியது தரலாம். உங்கள் சிவப்பு மையும் அதைத்தானே செய்கிறது? அடித்த எழுத்து அடியில் தெரிகிறது.

பழைய பதிவேடு:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவணங்களை இணையத்தில் வைக்கும் அரசின் டிஜிலாக்கர் இருக்கிறதே. பல்கலைக்கழகம் அதில் ஏற்றும் பட்டம் சட்டப்படி அசலுக்குச் சமம். அதை முழுதாகப் பயன்படுத்தாமல் இன்னொன்று எதற்கு?

வைகைக்கரை:
நான் 2009-இல் படிப்பை முடித்தவன். என் பட்டம் டிஜிலாக்கரில் இல்லை. பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றும்போதே ஹாஷையும் பதிந்துவிட்டால், பிறகு உள்ளே இருப்பவரே மார்க்கை மாற்றினாலும் தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

பழைய பதிவேடு:
நியாயமான பயம். ஏற்றும் முன்பே மார்க் மாறியிருந்தால்? அந்தப் பொய்யைத்தான் பிளாக்செயின் பத்திரமாகக் காப்பாற்றும். ஒருவர் பதிவேட்டை வாசிக்க, இன்னொருவர் மதிப்பெண் தாளில் விரல் வைத்துச் சரிபார்க்கிற வேலை முதலில் நடக்கட்டும். எங்கள் பிரிவில் இப்போது மூன்றே பேர். அந்த வேலைக்கு ஆள் போடாமல் பிளாக்செயினுக்கு டெண்டர் விட்டால் நான் எதிர்ப்பேன்.