வாசல்ல கட்டின ஆகாச கருடன் கிழங்கு கொடி விட்டுடுச்சு, தொட்டிக்கு மாத்தலாமா?

வேளச்சேரி மாடி:
ஆடி அமாவாசைக்கு மயிலாப்பூர்ல நாட்டு மருந்து கடைல வாங்கி மஞ்சள் குங்குமம் வெச்சு நிலைப்படி மேல கட்டினது, முக்கால் கிலோ இருக்கும். மண்ணு இல்ல தண்ணி இல்ல, சும்மா தொங்கிட்டு இருந்தது இப்போ மூணு அடிக்கு கொடி விட்டு கிரில் கேட்டை புடிச்சுகிட்டு ஈபி மீட்டர் பக்கம் போகுது. ஆனா கிழங்கு தோல் சுருங்கிட்டே வருது. அடினியம் மாதிரி கிழங்கு வெளிய தெரியுற மாதிரி தொட்டில வைக்க ஆசை. மாமியார் கழட்டவே கூடாதுங்குறாங்க, அது தனி பஞ்சாயத்து.

பம்மல் கள்ளிக்காரன்:
சுருங்கத்தான் செய்யும், உள்ள சேத்து வெச்சத தின்னுதானே கொடி வருது. இது நம்ம கோவைக்கா, பாகக்கா குடும்பம்தான், காரலோகார்பஸ் எபிஜியஸ்னு தேடிப்பாருங்க. மண் தொட்டி எடுத்து ஒரு பங்கு செம்மண், ரெண்டு பங்கு மணலும் செங்கல் உடைசலும் போடுங்க, கோகோபீட் வேணவே வேணாம். கொடி கிளம்புற இடம்தான் தலை, அது மேல வரணும், வாசல்ல தலைகீழா கட்டியிருந்தீங்கன்னா அப்படியே புதைச்சுடாதீங்க. கிழங்குல மூணுல ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள்ள.

தாம்பரம் அக்கா:
தம்பி சொல்றது சரி, ஆனா மழை வரப்போகுதுல்ல, சன்ஷேடுக்கு கீழயே வைங்கம்மா. நான் போன ஐப்பசில மொட்டை மாடில வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன், திரும்பி வந்து கட்டைவிரல வெச்சா அழுகின சப்போட்டா மாதிரி உள்ள போகுது, நாத்தம் வேற. மண்ணு நல்லா காஞ்ச அப்புறம்தான் அடுத்த தண்ணி. இலை மஞ்சளாகி கொடி காஞ்சா செத்துடுச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, தூங்குது, தண்ணிய நிறுத்திடுங்க.

பம்மல் கள்ளிக்காரன்:
ஆமா அக்கா. கிழங்கு பெருக்கணும்னா முழுசா புதைச்சு ஒரு ரெண்டு வருஷம் விட்டுட்டு அப்புறமா வெளிய தூக்குறதுதான் வழி. என்கிட்ட ஆப்பிரிக்கா ஜெரார்டாந்தஸ் ஒண்ணு இருக்கு, அதுவும் இதே குடும்பத்து கிழங்குக் கொடிதான், அதுல ஆண் செடி பெண் செடி தனித்தனி, ஒத்தையா வெச்சுகிட்டு காய்க்கு காத்திருந்த முட்டாள் நான். இதுல ஒரே கொடில ரெண்டு பூவும் வரும், சின்னதா மூக்கு வெச்ச செவப்பு பழம் பாக்கவே அழகு. சாப்பிட்டுப் பாக்காதீங்க.

வேளச்சேரி மாடி:
மாமியார் "புதுசா ஒண்ணு வாங்கி கட்டிட்டு அத எடுத்துக்கோ"ன்னுட்டாங்க. கழட்டினா அடில எட்டணா சைசுக்கு சொதசொதன்னு இருந்துச்சு, கெட்டியான சதை வர்ற வரைக்கும் சுரண்டி மஞ்சத்தூள் தடவி பேப்பர் மேல காய வெச்சிருக்கேன். கொடி சுருள் மட்டும் கிரில்ல இருந்து பிரியவே மாட்டேங்குது, வெட்டிடவா?

தாம்பரம் அக்கா:
வெட்டுங்க, திரும்ப வரும். காயம் காயாம மட்டும் நடாதீங்க.