கிட்னிக்குக் கொடுத்த மாத்திரையால் கிரியேட்டினின் கூடுமா? அப்பா நிறுத்திவிட்டார்

கோவில்பட்டிக்காரன்:
அப்பாவுக்கு 64 வயது. பல வருடமாக சுகர், பிரஷரும் உண்டு. போன மாதம் கிட்னி டாக்டர் இருக்கிற மருந்துகளோடு டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. காலையில் ஒன்று என்று சேர்த்தார். அப்போது கிரியேட்டினின் (ரத்தத்தில் இருக்கும் கழிவு, கிட்னி வேலை குறைந்தால் ஏறும்) 1.9, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் வேகம்) 39. மூன்று வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 2.1, ஈஜிஎஃப்ஆர் 35, பொட்டாசியம் 5.1. யூரினில் சுகர் மூன்று பிளஸ்.

"கிட்னியைக் காப்பாத்தக் குடுத்த மாத்திரையே அதைக் கெடுக்குது" என்று நேற்றிலிருந்து அப்பா அதைத் தொடவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் இரண்டு மாதம் கழித்துத்தான். மற்றவை: பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கொழுப்புக்கு ஒன்று. நிறுத்தியது சரியா?

மதுரை மருந்தாளுநர்:
தம்பி, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை இன்றே டாக்டருக்கு அனுப்பிக் கேளுங்கள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மருந்துக் கடைக்கு உள்ளே நின்று பல வருடமாக இதே பயத்தைப் பார்ப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுகர் உள்ளவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடியே இருக்கும். அந்த அழுத்தம்தான் வருடக்கணக்கில் அவற்றைக் கெடுக்கிறது. இந்த மாத்திரை அதை இறக்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. அப்பாவுக்கு ஏறியது 10 சதவீதம் அளவுதான். யூரினில் சுகர் தெரிவது, சுகரை அந்த வழியாக வெளியேற்றுவதுதான் இந்த மாத்திரையின் வேலை என்பதால். இதைப் போடும் வரை அந்த பிளஸ் வரத்தான் செய்யும், அதைப் பார்த்து சுகர் மருந்தைக் கூட்டிவிடக் கூடாது.

நான் கவலைப்படுவது வேறு நாட்களைப் பற்றி. வாந்தி, லூஸ் மோஷன், சாப்பிடவே முடியாத காய்ச்சல் வரும் நாளில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது போட்டால் கிட்னி அடிபடும். அதோடு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம், அப்போது சுகர் அளவு பெரிதாகக் கூடாமலே இருக்கும் என்பதுதான் ஆபத்து. குளுக்கோமீட்டரில் 180 காட்டுகிறதே என்று வீட்டில் சும்மா இருந்துவிடுவார்கள். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, அசாத்தியச் சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, போனதும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் அந்த நாட்களில் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஒழுங்காகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் கழித்துத் திரும்பத் தொடங்குவார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. பெரிய ஆபரேஷன் என்றால் குறைந்தது 3 நாள் முன்னால் இதை நிறுத்த வேண்டும். புரட்டாசியில் நாள் முழுக்க விரதம் இருப்பவர் என்றால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

இன்னொன்று. 2020-இல் இங்கே இதன் காப்புரிமை முடிந்த பிறகு எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயரில் போடுகின்றன. மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. சுகர் டாக்டர் ஒன்று, கிட்னி டாக்டர் ஒன்று என எழுதி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். மெட்ஃபார்மினுக்கும் எல்லை உண்டு: ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். இப்போது நாளைக்கு 1000 என்பது சரியாகவே இருக்கிறது, அடுத்தடுத்த ரிப்போர்ட்டில் கவனம் வேண்டும்.

கோவை நூல்மில்:
எனக்கு சுகரே கிடையாது, இருப்பது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற வேறொரு கிட்னி நோய். நானும் இதே மாத்திரைதான் போடுகிறேன். சுகர் இல்லாதவனுக்கு சுகர் மாத்திரையா என்று வீட்டில் ஒரே சண்டை. இந்த மாத்திரையைக் கிட்னி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2020-இல் வந்த டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேரில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் சுகர் இல்லாதவர்கள்தான், அவர்களுக்கும் பலன் கிடைத்தது என்று டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். எனக்கும் ஆரம்பத்தில் கிரியேட்டினின் சற்று ஏறி, அப்புறம் நின்றுவிட்டது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணே, பயப்படுகிற மனுஷனைத் திட்டாதீர்கள்.

ஒரு தொந்தரவு உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். ஒவ்வொரு முறையும் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டாலே பாதி குறையும். வந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கோவில்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றி. மருந்தாளுநர் அக்கா சொன்னபடி அப்பாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தேன். அதில் அசெக்ளோஃபெனாக் அட்டை பாதி காலியாக இருக்கிறது. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கினாராம், வலி வந்தால் மட்டும் போடுவாராம். தினமும் காலையில் வாழைத்தண்டு ஜூஸும் நடக்கிறது, கிட்னிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

மதுரை மருந்தாளுநர்:
அந்த அட்டையை முதலில் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள் தம்பி. டாபாக்ளிஃப்ளோசினைவிட எனக்கு அதன் மேல்தான் பயம். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே கிட்னிக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டெல்மிசார்டனும் சேரும்போது பாதிப்பு இன்னும் கூடும், பொட்டாசியமும் ஏறும். கிரியேட்டினின் ஏறியதில் இதற்கும் பங்கு இருக்கலாம், அதனால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வலிக்குப் பொதுவாக பாராசிட்டமால்தான் தருவார்கள், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

வாழைத்தண்டு ஜூஸ் கல் இருப்பவர்கள் குடிப்பது, அதில் பொட்டாசியம் நிறைய. 5.1 இருப்பவருக்கு அது வேண்டாம். லூஸ் மோஷன் வந்தால் இளநீரை நீட்டுவோம் இல்லையா, அதுவும் இதே கதைதான். அந்த மாதிரி நாளில் என்ன குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பொட்டாசியம் குளோரைடு கலந்த குறைந்த சோடியம் உப்பு வீட்டில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கோவில்பட்டிக்காரன்:
டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். டாபாக்ளிஃப்ளோசினை நாளைக் காலையிலிருந்தே தொடரச் சொன்னார். வலி மாத்திரை, ஜூஸ் இரண்டும் இன்றோடு நிறுத்தம். இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் திரும்பப் பார்க்க வேண்டும். அப்பா ஒத்துக்கொண்டார், கோவை அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.