பாலுண்ணிக்கு எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது?

கேள்வி (கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்):

வணக்கம். ஐந்து வயதான என் மகளுக்கு அக்குளைச் சுற்றியும் விலாப் பக்கத்திலும் முத்துப்போல் மினுங்கும் சிறு பருக்கள் சில மாதங்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு குழி தெரிகிறது. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, இது பாலுண்ணி, தானாகவே மாறிவிடும் என்றார். ஆனால் அவள் சொறியச் சொறியப் புதிய இடங்களில் வருகின்றன, இப்போது இரண்டு வயதுத் தம்பிக்கும் ஒன்று வந்துவிட்டது. மாமி எருக்கலம்பாலைத் தொட்டு வைக்கச் சொல்கிறார். பாமசியிலோ மூன்று மருந்துகள் கலந்த கிறீம் ஒன்றைத் தந்தார்கள். இரண்டையும் இன்னும் பூசவில்லை. இவற்றுள் எதையாவது பூசலாமா? மகளை முன்பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில் (தோல் நோய்ச் சிகிச்சையில் பணியாற்றும் வைத்தியர்):

வணக்கம் சகோதரி. இரண்டையும் பூசாதிருந்தது மிக நல்லது. எருக்கலம்பால் தோலை எரித்துப் புண்ணாக்கும். பிள்ளை அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியே பாதிக்கப்படலாம். கலப்புக் கிறீம்களில் பெரும்பாலும் வலுவான ஸ்டீரொய்டு ஒன்றும், பங்கசுக்கும் பக்டீரியாவுக்குமான மருந்துகளும் இருக்கும். பாலுண்ணியோ பெரியம்மை வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரசினால் வருவது. ஆகவே பங்கசு, பக்டீரியா மருந்துகளுக்கு அங்கே வேலையில்லை. ஸ்டீரொய்டோ அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தணித்துப் பருக்கள் பெருக வழிவிடக்கூடும்.

உண்மையில் இந்த நோயை முடித்து வைப்பது பிள்ளையின் சொந்த எதிர்ப்புச் சக்திதான். பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் மாறும், சிலருக்கு இன்னும் நீளும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மீளாய்வு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும், எந்த ஒரு சிகிச்சையும் உறுதியாகப் பயனளிக்கிறது என்று சொல்ல முடியாமற்போனது. அதனால் உங்கள் வைத்தியர் காத்திருக்கச் சொன்னதால் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். அதுவும் சிகிச்சை முறைதான்.

பருக்கள் அதிகமாகிப் பிள்ளை அவதிப்பட்டால் பூசும் மருந்துகள் உண்டு. பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை, வைத்தியர் சொன்ன செறிவில், பருவின் மேல் மட்டும் மெல்லிய குச்சியால் தொட்டு வைப்பார்கள். எரிவு இருக்கும், சிவந்ததும் நிறுத்த வேண்டும். கொப்புள வண்டிலிருந்து பெறப்படும் கந்தாரிடின் என்ற மருந்தை வைத்தியரே கிளினிக்கில் வைப்பார், வீட்டில் தொடக்கூடாது. அமெரிக்காவில் 0.7 வீதக் கந்தாரிடின் 2023இலும், நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிடும் பேர்டசிமர் ஜெல் 2024 ஜனவரியிலும் அனுமதி பெற்றன. ஒரு காலத்தில் அதிகம் எழுதிக் கொடுக்கப்பட்ட இமிகுவிமொட் என்ற பூச்சுக் கிறீம், பிள்ளைகளில் நடந்த 2 பெரிய ஆய்வுகளில் மருந்தில்லாத கிறீமைவிட மேலாக வேலை செய்யவில்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மகளின் தோல் வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். வறட்சியும் எக்சிமா என்ற அரிக்கும் தோல் அழற்சியும் உள்ள பிள்ளைதான் அதிகம் சொறியும், சொறிந்த நகமே வைரசைப் பரப்பும். குளித்த கையோடு ஈரப்பதம் காக்கும் கிறீம் பூசுங்கள், நகங்களைக் கட்டையாக வெட்டுங்கள், தம்பிக்குத் தனித் துவாய் வையுங்கள், இருவரையும் ஒரே தொட்டியில் குளிக்க வார்க்காதீர்கள். முன்பள்ளிக்குத் தாராளமாக அனுப்பலாம், சட்டை மூடாத பருக்களை மட்டும் பிளாஸ்டரால் மூடிவிடுங்கள்.

பதில் (மானிப்பாயிலிருந்து ஒரு தகப்பன்):

எங்கள் மகனுக்குப் பருக்கள் திடீரெனச் சிவந்து வீங்கியபோது கிருமி பிடித்துவிட்டதென்று பயந்து போனோம். யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டியபோது, உடம்பு வைரசை எதிர்க்கத் தொடங்கியதன் அடையாளமாகவே பெரும்பாலும் இப்படிச் சிவக்கும் என்று விளக்கினார்கள். அதன் பின் அவை ஒவ்வொன்றாக வற்றின. நசுக்கிப் பிதுக்காதீர்கள், எங்கள் மகனுக்கு அப்படிச் செய்த இடத்தில் மட்டும் தழும்பு நின்றுவிட்டது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. தம்பியின் பரு கண் இமை ஓரத்தில் இருக்கிறது. அதற்கும் காத்திருக்கலாமா?

பதில் (வைத்தியர்):

இல்லை, அதைத் தள்ளிப்போட வேண்டாம். இமை ஓரத்துப் பரு கண்ணைச் சிவக்கவைத்து உறுத்தும். அங்கே எந்தப் பூச்சு மருந்தும் வைக்கக்கூடாது. கண் வைத்திய நிபுணரிடம் இந்த வாரத்திலேயே காட்டுங்கள். மகளின் பருவைச் சுற்றிச் சூடும் வலியும் பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.